குப்பைக்குப் போகாத தட்டுகள்

எங்கள் லேபில் அவரை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிட்டோம். மரியாதைக்காக அல்ல, கிண்டலுக்காக. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் பிஎச்.டி. செய்ய வந்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் திமிர். அவரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். "அத்தைன்னா எழுந்து வழி விடுங்கடா" என்று பையன்களை விரட்டிவிட்டு மைக்ரோஸ்கோப்பைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

அவர் வளர்த்தது ஈஸ்ட். ரொட்டி மாவை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்தான். அதன் கொழுப்பைத்தான் அவர் ஆராய்ந்தார். ஒருமுறை அவரைப் பார்க்க வந்த சித்தப்பா, "அப்படி என்னதாம்மா பண்றே இங்க?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"ஈஸ்டும் நம்மள மாதிரிதான் சித்தப்பா. கெடச்சப்ப நல்லா தின்னுட்டு, மிச்சத்தக் கொழுப்பாக்கிச் சின்னச் சின்னத் துளியா உள்ளயே வெச்சுக்கும். பட்டினி கெடந்துட்டு மறுபடி சாப்பாட்டப் பாத்ததும் குட்டி போடும். குட்டிக்குத் தோல் வேணுமில்ல? சேத்து வெச்ச கொழுப்ப வெட்டித்தான் தோல் பண்ணும். வெட்டறதுக்கு உள்ளயே ஒரு கத்திரி இருக்கு. என்சைம்னு சொல்லுவாங்க. என் ஈஸ்ட்ல அந்தக் கத்திரியப் புடுங்கிட்டேன்."

"அடிப்பாவி! எதுக்கு?"

"அது இல்லாம என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான்."

"கொழுப்பு பூரா உள்ளயே தங்கிடும். வேற என்ன? உன்னத்தான் பாக்கறேனே" என்றார் சித்தப்பா. லேபே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அத்தைதான்.

கத்திரி இல்லாத ஈஸ்ட் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் கைடு எப்போதோ பதில் எழுதிவிட்டார். அவரை நாங்கள் பெரியவர் என்போம். பட்டினி போட்டால் அது செத்துவிடும் என்பது அவருடைய பதில். இளவயதில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். சோதனை எளிது. பட்டினி கிடந்த ஈஸ்டை எடுத்து, உணவு ஊற்றி உறைய வைத்த தட்டில் தடவி, இளஞ்சூடான இன்குபேட்டருக்குள் வைக்க வேண்டும். உயிரோடு இருப்பது பெருகிப் பெருகி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி இல்லையென்றால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

லேபில் இருந்ததோ ஒரே ஒரு இன்குபேட்டர். அதற்குள் இடம் பிடிக்க எங்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை. அதனால் பெரியவரின் இளவயதிலிருந்தே ஒரு வழக்கம். இரண்டாம் நாள் புள்ளிகளை எண்ணு, எண்ணியதும் தட்டைக் குப்பைப் பையில் போடு. யாரும் இதற்கு ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அத்தை போடவில்லை. மூன்றாம் நாளும் அவருடைய தட்டுகள் அடி அடுக்கில் குந்தியிருந்தன. எனக்கு ஆத்திரம் வந்தது.

"வெறும் தட்டுக்கு எதுக்கு அத்தை இடம்? செத்ததத் தூக்கிப் போடுங்க. நான் எங்க வைக்கறது?"

"செத்துடுச்சுன்னு யார் சொன்னா?"

"பெரியவர் சொன்னாரு."

"ஈஸ்ட் சொல்லலியே" என்றார் அத்தை.

என் தட்டுகளை வேறு லேபில் கெஞ்சி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தட்டுகளில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள் வந்திருந்தன. அதற்கு மறுநாள் தட்டு நிறைய. அவை சாகவே இல்லை. கொழுப்பை வெட்ட முடியாமல், தோலுக்கு வேண்டியதை அடியிலிருந்து புதிதாகச் செய்துகொண்டு, மெதுவாக எழுந்து வந்திருக்கின்றன. நாங்கள்தான் அதற்குள் அவற்றைக் கொன்று கொன்று குப்பையில் போட்டிருக்கிறோம்.

பெரியவர் தட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. "வேற ஏதாவது உள்ள புகுந்திருக்கும்மா. கை சுத்தம் வேணும்" என்றார். அத்தை தட்டுகளை அவர் மேசைமேலேயே பரப்பினார். "நீங்களே ஒரு புள்ளியத் தொட்டு எடுங்க சார்." எடுத்தார். சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஒவ்வொரு செல்லிலும் கொழுப்புத் துளிகள் வெட்டுப்படாமல் பளபளவென்று அடைந்து கிடந்தன. வேறு ஈஸ்ட் அப்படி இருக்காது. பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை.

தட்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். "உங்க பதிவுக்காலம் இந்த மாசத்தோட முடியுது. தீசிஸ்ல மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இந்த ஒண்ண எடுத்துடுங்க, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா என்னால முடியாதும்மா."

கையெழுத்து இல்லையென்றால் அத்தனை வருட உழைப்பும் பாழ். அத்தையின் கணவர் பஸ் டிரைவர். அன்று சாயங்காலம் லேப் வாசலில் அவர் கெஞ்சியதை நானே கேட்டேன்.

"தீசிஸ்லேருந்து ஒரு படத்த எடுத்துட்டா என்ன, குடியா முழுகிடும்? பட்டத்த வாங்கிட்டு அப்புறம் சண்டை போடேன்."

"பட்டம் வாங்கினவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சண்டை போடுவா? நானும் சேந்து செத்துடுச்சுன்னு எழுதினவளாயிடுவேன்."

"வீட்ல எல்லாரும் கேப்பாங்களே..."

"கேக்கட்டும். நான் கண்ணால பாத்தேங்க. பாத்தத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அத்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டுதான் நடந்தார்.

தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் துறை முழுக்க உட்கார்ந்திருக்க ஒரு பேச்சுப் பேச வேண்டும். முன்வரிசையில் பெரியவர். அத்தை படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். அந்தப் படத்தை எடுத்துவிட்டிருப்பார் என்று ஒரு கணம் நம்பினேன், எடுத்திருக்கக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். சுவர் நிறையத் தட்டின் படம் வந்து நின்றது, புள்ளிகளோடு.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "எல்லாரும் ரெண்டாம் நாள் எண்ணுவாங்க. நீங்க எத்தனை நாள் காத்திருந்தீங்க?"

"அது எழுந்து வர்ற வரைக்கும்" என்றார் அத்தை.

பெரியவர் எழுந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

கையெழுத்து வரவில்லை. மாதம் முடிந்தது, பதிவும் போனது. நான் கழிப்பறையில் நின்று அழுதேன். அத்தை என்னைத் திட்டினார். "எதுக்கு ஒப்பாரி? யாரு போயிட்டா இப்ப?"

சில வாரங்களில் அத்தை இன்னொரு கல்லூரியில் இடம் கேட்டு எழுதினார், நேரில் வரச் சொன்னார்கள். துணைக்கு நான் போனேன். அங்கே லேபை நடத்தும் பெண்மணி அத்தையைவிட வயதில் சின்னவர். தட்டுகளின் படத்தை முன்னாலும் பின்னாலும் புரட்டிப் பார்த்தார். சேர்த்துக்கொள்ள ஆசைதான், ஆனால் சங்கடமாக நெளிந்தார்.

"நீங்க அங்க செஞ்ச வருஷம் எதுவும் இங்க செல்லாதுக்கா. முதல் வருஷத்துலேருந்து ஆரம்பிக்கணும். பரீட்சை, வகுப்பு எல்லாமே. இந்த வயசுல... கொஞ்சம் யோசிச்சுட்டு வேணும்னா..."

அத்தை பையைத் திறந்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"யோசிச்சாச்சும்மா. என் மேசை எது?"