அம்மன் தேரில் ஒரு பூச்சி

அன்று மலேசியாவின் கேரி தீவுத் தோட்டத்துச் சாலையில் இருந்தது நான், லோரிக்கார அண்ணன், கோயில் தேர் அலங்காரத்துக்குப் பூ எடுக்க வந்த இரண்டு அக்காமார், கடைசியாக வந்த தோட்ட ஊழியர் ஒருவர். எண்ணெய் தரும் செம்பனையின் ஓலையைத் தின்னும் புழுக்களைக் கொல்லுகிற பூச்சிகளைப் பராமரிப்பது அவர் வேலை. காலரில் பூச்சி ஏறினால் தட்டமாட்டார், ஊதித்தான் விடுவார்.

லோரியில் வெட்டிக் குவித்த மஞ்சள் பூச்செடிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

“சும்மா கிடந்த பூதானே லா, அண்ணே. ஆத்தாளுக்கு,” என்றார் ஓர் அக்கா.

“சும்மா இல்லக்கா. என் பூச்சிங்களுக்கு இந்தப் பூத்தேன்தான் சாப்பாடு. இனி அதுங்க போயிரும். புழு ஏறும், மருந்து அடிச்சிருவாங்க.”

திரும்ப நட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“வேரு எங்க பாஸ்?” என்று சிரித்தார்.

சாயங்காலம் தேர் நகர்ந்தபோது நாங்கள் அம்மனைக் கும்பிட்டோம். அவர் தேரில் தொங்கிய பூச்சரத்தில் ஊர்ந்த ஒரு பூச்சியைப் பார்த்தபடியே கூட நடந்தார். ஊதிவிடவில்லை. ஊதினால் அது எங்கே போய் உட்காரும்?