ஆண்கள் விடுதியில் ஆறு மணிக்கு மேல்

ஆண்கள் விடுதியின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு எதிரே இருக்கிற அறை என்னுடையது. நான் அங்கே எலக்ட்ரீசியன். ஒயர் சுருள், டெஸ்டர், ஓடாத ஃபேன் மோட்டார்கள், மத்தியானம் முதுகைச் சாய்க்க ஒரு பெஞ்ச் என்று ஒன்பது வருஷம் என் சாமான்கள் அந்த அறையில்தான் கிடந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வார்டன் தனசேகர் சார் வந்து, "சின்னுசாமி, நெட்டுப் பெட்டி வைக்க ரூம் வேணும். உன் சாமானையெல்லாம் படிக்கட்டுக்கு அடியில தள்ளிக்க" என்றார். தள்ளிக்கொண்டேன். ஒன்பது வருஷம் வேர்வையில் உட்கார்ந்த அறையில், தகரப் பெட்டி வந்த மறுநாளே ஏ.சி. மாட்டினார்கள். மாட்டியதும் நான்தான். இதை நான் சண்டையாகப் போடவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. அந்த அறைக்குள் யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு ஆகாது.

இந்த வருஷம் ஜூன் மாதம் அப்படி உட்கார வந்தவர்தான் சரிதா. கல்லூரி நெட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் வாரம் நான் முகம் கொடுக்கவில்லை. அவரே வந்து கேட்டார்.

"ஏனுங்ணா, இந்த ரூமு உங்களுதுங்களாமா?"

"இருந்துச்சு."

"செவுத்துல சாமி படமெல்லாம் மாட்டியிருக்குதுங். எடுத்துறாதீங். வருசா வருசம் ஆயுத பூசைய இங்கதான் போடுவீங்கன்னு சொன்னாங்க. இந்த வருசமும் இங்கயே போடுங்."

அதற்கு மேல் முறைத்துக்கொண்டிருக்க எனக்கு வகையில்லாமல் போயிற்று.

ஆட்டையாம்பட்டிப் பக்கத்துப் பெண். வயது முப்பத்தாறு. பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஊரில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் போன் எடுக்கப் போயிருக்கிறார். லைன் பார்க்கிற ஆள் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டான். தீபாவளி சமயம். ஊரே டிவி இல்லாமல் கத்த, இவர் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மொட்டை மாடிகளில் ஏறிவிட்டார். அதன்பின் இறங்கவில்லை. "ஆளு வல்லியா, பொம்பளைய அனுப்பியிருக்காங்க" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்களாம். "நானும் ஆளுதானுங்க, ஏணியப் புடிங்க" என்பாராம். தபாலில் டிப்ளமோ முடித்தது அந்த ஏணி காலத்தில்தான். அந்த ஆபீசை மூடிவிட்டார்கள். புருஷன் வளவன் போர்வெல் ரிக் லாரியில் டிரைவர், வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பவர். ஏழாவது படிக்கிற மகளை விட்டுவிட்டுச் சரிதா கோயம்புத்தூர், ஓசூர் என்று போக முடியாது. பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் கிடைத்த வேலை இது ஒன்றுதான். அதுவும் முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகுதான் நிரந்தரமா இல்லையா என்பது.

விடுதியில் ஒரு சட்டம் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஐந்தே முக்காலுக்கு வாட்ச்மேன் ஆண்டி விசில் ஊதுவார். சரிதா ஏ.சி.யை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியை ஆண்டியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். ஆறு மணிக்கு மேல் அந்த அறையில் ஏ.சி. ஓடக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

ஆயுத பூஜை முடிந்து பையன்கள் ஊரிலிருந்து திரும்பிய இரண்டாம் நாள் புகார் வந்தது. பகலில் நெட் நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு கேம் ஆட உட்கார்ந்தால் விட்டு விட்டு நிற்கிறது.

நான்காம் வருஷப் பையன் இளவழகன் என்னைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டான். "அண்ணா, லேக் அடிச்சுக் கொல்லுதுண்ணா. நான் சுடறதுக்குள்ள அவன் என்னச் சுட்டுட்டுப் போயி டீ குடிச்சுட்டு வந்துர்றான்."

"பரிச்சைக்குப் படிடா, எவனும் சுட மாட்டான்" என்றேன்.

அவனுக்குச் சனிக்கிழமை ஏழு மணிக்கு வேறு கல்லூரிப் பையன்களோடு போட்டி இருந்தது. அவரவர் விடுதியிலிருந்தே ஆடுவது. கல்லூரி பெயரில் ஆடுவதால் வார்டன் வரைக்கும் பேச்சுப் போயிற்று. அவர் பெட்டி இருக்கிற அறைக்கு வந்து என் முன்னாலேயே சரிதாவிடம் சொன்னார்.

"இங்க பாரும்மா. நெட்டு நிக்கறது ஏழு மணிக்கு. நீ போறது ஆறு மணிக்கு. பொம்பளைப் புள்ளைய வெச்சுக்கிட்டு இத ஓட்ட முடியாதுன்னு நான் அப்பவே சொன்னேன். சனிக்கிழமையும் நின்னுச்சுன்னா, திங்கக்கிழமை ஆம்பள ஆள் கேட்டு ஆபீசுக்கு எழுதிருவேன்."

வார்டன் போனபின் சரிதா நோட்டைத் திறந்து, "செரி, மொதல்ல எது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அது அவர் பழக்கம்.

புதன்கிழமை, பையன்கள் சினிமா இறக்குவதால் இருக்குமோ என்று ஆளுக்கு இவ்வளவுதான் என அளவு வைத்தார். சாயங்காலம் நின்றது. வியாழக்கிழமை நானும் அவரும் அறை அறையாகப் போனோம். இரண்டாவது மாடியில் பூபதி என்கிற பையன் வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு வைஃபை பெட்டி கொண்டுவந்து, ஒயரைத் தப்பான ஓட்டையில் சொருகி வைத்திருந்தான். அது பாதி மாடிக்குத் தப்பு விலாசம் கொடுத்துக்கொண்டிருந்தது என்றார் சரிதா. பிடுங்கினோம். கொஞ்சம் தேறியது. ஆனால் ஏழு மணிக்கு மறுபடி அதே கதை. வெள்ளிக்கிழமை வெளி லைன்காரர்கள் வந்து, தங்கள் பக்கம் சுத்தம் என்று சொல்லிப் போனார்கள்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு விசில் ஊதியது. சரிதா சாவியை ஆண்டியிடம் தரவில்லை. என் கையில் வைத்தார்.

"நான் எதுத்தாப்ல பேக்கரில உக்காந்திருக்கறனுங்ணா. போன் போடறேன். சொல்றத மட்டும் செய்ங்."

ஆறரைக்கு போன் வந்தது. நான் அறைக்குள் நின்றேன். இளவழகன் லேப்டாப்போடு வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டான். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் பத்தடி ஒயர்தான். இங்கிருந்து ஒரு குரல் விட்டால் பெட்டி எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்று பார்ப்பது. அதற்குப் பிங் என்று பெயர்; எண் கூடினால் தாமதம் என்று அர்த்தம். பகலில் சரிதா பார்த்தபோது ஒன்று, ஒன்று, ஒன்று என்றுதான் வந்ததாம்.

"இப்ப எவ்ளோங்ணா வருது?"

"ரெண்டுங்கறான். மூணு. நூத்தி எண்பது. இப்ப பதிலே வல்லியாம்."

"பத்தடிக்கேவா?" பேக்கரியில் யாரோ பன் பட்டர் ஜாம் கேட்பது எனக்குக் கேட்டது. "அப்ப லைன்ல தப்பில்லைங்ணா. பெட்டியே திக்குது. அது மேல கை வெச்சுப் பாருங்."

வைத்தேன். எடுத்தேன். "அம்மணி, தோசைக்கல்லாட்டம் இருக்குது!"

"பகல்ல ஜில்லுனு இருக்குமேங். ஏ.சி. நின்னு முக்கா மணி நேரந்தான ஆச்சு. அது மூச்சு உடற ஓட்டைக பக்கவாட்டுல இருக்கும். தொறந்திருக்குதுங்களா?"

குனிந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சுற்றிப் போய் அந்தப் பக்கமும் பார்த்தேன்.

"ஏனுங்ணா?"

"சரஸ்வதி இருக்குது."

"எதுங்?"

"ஓட்டை மேல. பூசை அன்னைக்குப் படம் ஒட்டினேன். அந்தப் பக்கம் சரஸ்வதி. இந்தப் பக்கம் முருகன்."

இரண்டும் நல்ல கெட்டியான பெரிய படங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி, சுற்றிலும் பசை தடவி, நான்கு மூலைக்கும் சந்தனம் வைத்து ஒட்டியவை. பூமாலை காய்ந்ததும் எடுத்துப்போட்டேன். படத்தை யார் எடுப்பார்கள்? பத்து நாளாக வார்டன் பார்த்தார், வெளி லைன்காரர்கள் பார்த்தார்கள், எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"பிரிச்சுருங்ணா" என்றார் சரிதா.

"சாமி படத்தப் பிய்க்கச் சொல்றியா அம்மணி?"

"கிழிக்க வேண்டாமுங். ஈரத் துணி வெச்சு ஊற உட்டு எடுத்துச் செவுத்துல ஒட்டிருங். நான் உள்ள வந்தா நானே எடுப்பேன். என்னய உட மாட்டாங்களே."

இளவழகன் வாசலிலிருந்து, "அண்ணா, பத்து நிமிசந்தாண்ணா இருக்குது" என்று அழாக்குறையாகச் சொன்னான். முருகன் முழுசாக வந்தார். சரஸ்வதிக்கு வீணையின் நுனி கிழிந்தது. சட்டத்தை மீறி ஏ.சி.யையும் போட்டேன். ஏழு மணிக்கு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கியது. பையன்கள் ஒன்றேகால் மணி நேரம் ஆடினார்கள். ஒருமுறைகூட நிற்கவில்லை.

தோற்றுவிட்டார்கள். "நெட்டு மேல சொல்ல முடியாதுண்ணா. அவனுக நல்லா ஆடறானுக" என்றான் இளவழகன்.

திங்கட்கிழமை வார்டன் என்னைக் கூப்பிட்டார். "பார்த்தியா, ஆம்பள நீ நின்னே, சரியாச்சு. அந்தம்மா ரோட்டுல உக்காந்திருந்துச்சு. நீதான் பழுது பாத்தேன்னு எழுதிக் குடு. ஆள் மாத்தச் சொல்லி ஆபீசுக்கு அதோட சேர்த்து அனுப்பிர்றேன். அப்புறம் அந்த ரூமுல உனக்கும் ஒரு ஓரம் ஒதுக்கித் தரலாம்."

பொய் சொல்லக் கூடாது. ஆசை வந்தது. படிக்கட்டுக்கு அடியில் போய் ஒரு பீடி தீரும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு சரிதாவிடம் போய் வார்டன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எழுதிக் குடுங்" என்றார், ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ன நடந்துச்சோ அத எழுதுங்."

நான் ஆறாவதோடு நின்றவன். ஒரு பக்கம் எழுத மத்தியானம் முழுக்க ஆயிற்று. படம் ஒட்டியது நான், பேக்கரியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது சரிதா, அவர் சொன்னதை மட்டுமே நான் செய்தேன் என்று எழுதினேன். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஒண்ணு விட்டுப்போச்சுங்ணா. அந்தப் படத்தப் பத்து நாளா நானும் பாத்தேன். சாமியாச்சேன்னு அதுக்கு அடியில என்ன இருக்குதுன்னு யோசிக்கல. அதையும் சேருங்" என்றார்.

"அம்மணி, வேலை போயிரும்."

"போனாப் போவுது. சேருங்."

சேர்த்தேன். வார்டனிடம் தரவில்லை. நேராக நிர்வாக அலுவலர் கலைமணி மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "யார் எழுதினது?" என்று மட்டும் கேட்டார்.

வார்டனின் கடிதமும் போயிருந்தது. வியாழக்கிழமை உத்தரவு வந்தது. பெட்டி இருக்கும் அறையில் ஏ.சி. எந்நேரமும் ஓடலாம். ஆறு மாதம் முடியக் காத்திராமல் இப்போதே சரிதா நிரந்தரம். பழுது பார்க்கிற நாட்களில், ஊழியர் ஒருவர் துணைக்கு நின்றால், எட்டு மணி வரை அவர் விடுதிக்குள் இருக்கலாம். ஊழியர் என்று என் பெயரையே போட்டிருந்தார்கள். அதற்கென்று எனக்குத் தனிச் சம்பளம் எதுவும் எழுதவில்லை.

சரிதா காகிதத்தை ஒரு தடவை படித்தார். மடித்து நோட்டுக்குள் வைத்தார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, அம்மா வர லேட்டாகும், சோற்றைப் போட்டுச் சாப்பிடு என்று மகளிடம் சொன்னார். ஐந்தே முக்காலுக்கு ஆண்டி விசில் ஊதினார். இந்தத் தடவை சரிதா எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்ணா, மூணாவது மாடி வராண்டாவுல, மேல சீலிங்கிட்ட ஒரு சின்ன வைஃபை பெட்டி இருக்குதுங். பசங்க ஆடற நேரத்துல அத நான் பாத்ததே இல்ல. ஏழு மணிக்குப் போலாம். ஏணிய மட்டும் எடுத்துட்டு வந்துருங்."