சிகாகோ பாட்டில் ஒரு குடை

அறுபதுகளின் நடுவில் கார்ல்ஸ்ரூஹேயில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ஒரு ஜெர்மன் மாணவன். வேதியியல் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு கிதார் வாசித்தான். அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் தேவாலயத்து இளைஞர் கூடத்தில் இங்கிலாந்துக் குழுக்களின் பாட்டுகளைப் பாடுவார்கள். இங்கிலீஷ்தான் வராது.

நான் இந்தியன் என்பதால் இங்கிலீஷ்காரனுக்கு அடுத்த ஆள் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். இசைத்தட்டைக் கேட்டு வரிகளை எழுதித்தரும் வேலை எனக்கு வந்தது. திருச்சியில் பாதிரியார்களிடம் படித்த இங்கிலீஷ் என்னுடையது. லீவு லெட்டர் எழுதப் போதும். ஆனால் தெரியாது என்று சொல்ல மானம் இடம்தரவில்லை. அவன் அம்மா அனுப்பும் கேக்கில் பாதி எனக்கு வந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம்.

ஒரு நாள் இங்கிலாந்துக் குழு ஒன்றின் இசைத்தட்டின் நடுவே, பாட்டின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் வேறொருவர் பெயர் இருப்பதைக் கவனித்தேன். விசாரித்ததில் அவர் சிகாகோக்காரர், ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் சோகப் பாட்டுகளைப் பாடுகிறவர், பாட்டு உண்மையில் அவருடையது என்று தெரிந்தது. பக்கத்து அறைக்காரன் இரண்டு நாள் சோகமாக இருந்தான். பிறகு ஊரிலிருந்த அமெரிக்க முகாமில் ஒரு சிப்பாயிடம் கெஞ்சி, அவருடைய இசைத்தட்டையே வாங்கிவந்தான்.

போட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டு அவ்வளவு நிதானம். இசைத்தட்டுப் பெட்டியில்தான் கோளாறு என்று டிரம்ஸ்காரன் வேகத்தை நிமிடத்துக்கு முப்பத்துமூன்றிலிருந்து நாற்பத்தைந்து சுற்றுக்கு மாற்றினான். அந்தக் கனத்த குரல் அணில்போலக் கீச்சிட்டது. மறுபடி மாற்றினோம். அவர் வேண்டுமென்றேதான் அப்படிப் பாடுகிறார் என்பது புரிய அரை மணி நேரம் ஆயிற்று.

ஒரு வரி மட்டும் எனக்கு எத்தனை முறை கேட்டும் பிடிபடவில்லை. அன்று வெளியே நல்ல மழை. “என் மாமியார் என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்” என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் சந்தேகமே படவில்லை. கண்ணை மூடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குடைக்காக உருகுவான். வேகம் மட்டும் பழையபடி இங்கிலாந்து வேகம். கூடமே எழுந்து ஆடும்.

இப்படி இருக்கையில் சிகாகோ கலைஞர்கள் சிலர் எங்கள் ஊருக்கே கச்சேரிக்கு வந்தார்கள். அந்தப் பாட்டுக்காரரும் வந்தார். வழியில் அவருடைய ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட, ஏற்பாட்டாளர்கள் எங்கள் பையன்களுடையதைக் கேட்டார்கள். மதியம் அதை அரங்குக்குத் தூக்கிப் போனோம். ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சாக்கில் மேடையில் அந்தப் பாட்டையே வாசிக்கத் தொடங்கினார்கள். நடுவில் திரும்பிப் பார்த்தால், சாம்பல் நிற சூட்டும் தொப்பியுமாக அவர் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

முடியும்வரை கேட்டார். பிறகு, “இவ்வளவு அவசரமா எங்க போறீங்க?” என்றார்.

இங்கிலாந்தில் இப்படித்தான் வாசிக்கிறார்கள் என்று பக்கத்து அறைக்காரன் திக்கித் திக்கிச் சொன்னான்.

“அவங்க சின்னப் பசங்க. பஸ் போயிடுமோன்னு பயம்,” என்றார். பிறகு, “அது சரி, அந்தக் குடை யாரோடது?”

நான்கு பேரும் என்னைக் கை காட்டினார்கள். அந்த வரி புரியவில்லை, நானாக எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “தம்பி, நான் பாடினது வேற. ஆனா என் மாமியார் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான்.”

அப்புறம் கிதாரை வாங்கி அதே பாட்டை வாசித்துக் காட்டினார். மூன்று சுரம் வாசித்துவிட்டு நிறுத்திக் காத்திருந்தார். டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

மாலையில் அரங்கு நிரம்பியது. எல்லோரும் கழுத்துப்பட்டி கட்டி, கோயிலில் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். இருமல்கூடப் பாட்டு முடிந்த பிறகுதான். அவர் அந்தப் பாட்டுக்கு வந்தார். அந்த இடமும் வந்தது. மாமியாரைப் பாடினார், குடையைப் பாடினார், எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த கண்ணாடிக்காரர் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து அந்த வரியை அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பையன்கள் நிதானமாக வாசித்தார்கள். ஆட வந்தவர்கள் ஜோடி ஜோடியாக நின்று காத்திருந்தார்கள். சிலர் சாசேஜ் தின்னப் போனார்கள். பாதிரியார் எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. வேகம் ஏறியது, கூடம் நிறைந்தது. பக்கத்து அறைக்காரன் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் பாடினான். நானும் போய் ஆடினேன். ஒரு பெண்ணின் காலை இரண்டு முறை மிதித்தேன்.