மூன்றாம் ஓலைக்குள் ஒரு கார்

எங்கள் கார் கெட்டுப்போனதற்கு அப்பாவின் அன்புதான் காரணம். வேறு யாரையும் பழி சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஆம்பூரில், எங்கள் தெருவுக்கே இருந்த ஒரே கார் அது. கருநீல நிறத்தில், யார் யாரோ ஓட்டித் தீர்த்த பிறகு அப்பாவின் கைக்கு வந்த பழைய பியட். தோல் தொழிற்சாலை ஒன்றின் ஆபீசில் வேலை பார்த்த அப்பா, அதைக் குளிப்பாட்டாமல் ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. காலை வெயிலில் நிறுத்தி, போர்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, துடைக்காமல் அப்படியே காயவிட்டு, ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கிளம்புவார். எங்கள் ஊர் போர்த் தண்ணீரின் யோக்கியதை எல்லோருக்கும் தெரியும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி துடைப்பமாகிவிடும். அந்த உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காகக் குளித்தால் கார் என்ன ஆகும்? உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளி. கூரையும் பானெட்டும் சாயம் போன பாவாடை மாதிரி மங்கிக் கிடந்தன. அப்பாவின் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அத்தையின் கண்ணுக்கு எல்லாம் தெரியும். அப்பாவின் தங்கையான அவள் ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தோலையும் தூக்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தள்ளிவிடுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. கருகின சப்பாத்தி, பித்தான் போன என் யூனிபார்ம், அம்மா அவசரமாகத் தேய்த்த டம்ளர் எதுவும் அவளிடம் பாஸ் ஆகாது. வந்த வரன்களையும் அப்படித்தான் தள்ளிக்கொண்டே வந்தாள் என்று அம்மா முணுமுணுப்பாள்.

கடைசியில் வேலூர் பாகாயம் பக்கத்திலிருந்து ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அப்பா இல்லாதவர். அவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் பேசுவது அவருடைய பெரியப்பாதான். நிச்சயதார்த்தம் முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த பெரியப்பா எங்கள் காரைப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னிக்கு பொண்ணு இதுலயா சர்ச்சுக்கு வரப்போவுது? தேமல் புடிச்சா மாதிரி கீதே! வேணாம், நம்ம வண்டிய அனுப்பிடறேன்."

அவருடைய வெள்ளைக் கார் புத்தம் புதிதாகத் தெருமுனையில் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அண்ணன் வண்டியில்தான் மணப்பெண் சர்ச்சுக்குப் போவாள் என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த முறை. அது மாட்டு வண்டியானாலும் சரி. அதை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது? மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு அப்பா தோள் துண்டால் பானெட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூடப் போகவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அத்தைக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

"எங்கண்ணன் கார்லதான் நான் போவேன். புடிக்கலன்னா அவுங்க வேற பொண்ணு பாத்துக்கட்டும்."

"கோவத்துல பேசாத, வூடு தேடி வந்த சம்பந்தம்" என்றாள் அம்மா.

"அவுரு ஒரு வார்த்தை பேசுனாரா அண்ணி? பெரியப்பா பேசுனா இவுரு வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டானால் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் அறிவிப்பார். யாரும் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அத்தை ஒரே போடாகப் போட்டாள். மூன்றாம் ஓலைக்குள் கார் சரியாகி, அதில்தான் பெண் வரும் என்று மாப்பிள்ளை வீடும் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவளே எழுந்து நின்று தடை சொல்லிவிடுவாளாம். சொல்லக்கூடியவள்தான். அதனால்தான் வீடே நடுங்கியது.

அந்தச் சனிக்கிழமையே கையில் சாக்பீஸோடு காரைச் சுற்றிவந்தாள். ஒரு பெரிய மாட்டுத் தோலைப் பார்ப்பது போலவே பார்த்தாள். குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சம் விழும் பக்கமாகச் சாய்ந்து, வட்டம் மேல் வட்டமாகப் போட்டாள். "இது முள்கம்பிக் கீறல். இது உண்ணிக்கடி" என்று தோலில் பார்க்கும் குறைகளையே வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது.

"உண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. மார்க்கெட்டுல சைக்கிள்காரன் ஒரசிட்டான்" என்றார் அப்பா பரிதாபமாக.

அவள் முடித்தபோது காரில் நீலத்தைவிட வெள்ளை ஜாஸ்தியாக இருந்தது. பக்கத்து வீட்டு பாய் சத்தம் கேட்டு வந்தார். அப்பாவின் தோஸ்த். தோல் ஃபினிஷிங் பிரிவில், குறைபட்ட தோலின் மேல் வண்ணமும் பிசினும் பூசி அதை மினுக்கும் வேலை அவருக்கு.

"அட, இதுக்கா இவ்ளோ பேஜார்? கீறல் வுழுந்த தோலயே நாங்க ராஜா மாதிரி ஆக்கி அனுப்பறோம். இத்தினூண்டு காரு!"

தோல் தெரிந்த ஊரில் இந்த யோசனை யாருக்கும் தப்பாகப் படவில்லை. பாய் அதே சரக்கில் நீலம் கலந்து கொண்டுவந்து, தோலுக்கு ஒற்றுவது போலவே பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினார். சாயங்காலம் பார்த்தால், அம்மாடி! கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போல நின்றது கார். மறுநாள் முதல் ஓலை வாசித்தபோது அத்தையின் முகத்தில்கூடக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அதற்குள் நல்ல வெயில் ஏறியிருந்தது. கதவின் ஓரத்தில் ஒரு சின்னக் கொப்புளம். விரலால் நெருடினேன். மேலே பிடித்து இழுத்தேன். பாலாடை மாதிரி முழுசாக, தாவணி அகலத்துக்கு உரிந்து வந்துவிட்டது! அடுத்த நிமிஷம் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு ஆனந்தமான ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. பாய் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தோலுன்னா குடிக்கும்மா. இது தகரம். குடிக்கவே மாட்டேங்குது."

உள்ளே வெள்ளைப் புள்ளிகள் ஒன்று குறையாமல் அப்படியே இருந்தன. அத்தை உரிந்ததைச் சுருட்டிப் பாயின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

விஷயம் வேலூர்வரை எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. அம்மாவின் மேல் சந்தேகம் உண்டு. அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மாப்பிள்ளை! நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளை பெண்வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. அம்மா பதறிப்போய் முந்தானையைச் சரிசெய்தாள். அவர் ஒரு பையைக் கீழே வைத்துவிட்டு, "காரைப் பாக்க வந்தேன் மச்சான்" என்றார் அப்பாவிடம். நான் அதை அப்படியே நம்பினேன்.

பையில் வினிகர், வாட்டர் பேப்பர் என்கிற மெல்லிய உப்புத்தாள், தேய்த்து மினுக்கும் ரப்பிங் கம்பவுண்ட் டப்பா, மெழுகுப் பாலிஷ் எல்லாம் இருந்தன. ஆஸ்பத்திரி வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவரிடம் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். காரை நிழலில் தள்ளச் சொன்னார். தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துப் புள்ளிகளின் மேல் போட்டு ஊறவிட்டுத் துடைத்தார். ஆழமான கீறலில் மட்டும் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, குழந்தைக்கு முதுகு தேய்ப்பது போலத் தேய்த்தார். பிறகு கம்பவுண்டைத் தொட்டுக் கையகலம் கையகலமாகத் தேய்க்க ஆரம்பித்தார். துணி நீலமாக மாறியது.

"ஐயையோ, கலரு போவுது!" என்று கத்தினாள் அம்மா.

"இது செத்துப்போன பெயிண்ட், அக்கா. கீழ உயிரோட கீது, பாருங்க."

துடைத்துவிட்டு நகர்ந்தார். அந்தக் கையகலத்தில், கிணற்றை எட்டிப் பார்த்தது போல ஆழமாக, கறுகறுவென்று ஒரு நீலம். அதில் என் முகம் தெரிந்தது. விழுந்த பல்லின் ஓட்டைகூடத் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பாய் வீட்டிலிருந்து எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். சாக்பீஸோடுதான். "இங்க போவல" என்று ஒரு வட்டம் போட்டாள். அவர் தேய்த்தார். "இங்கயும்." தேய்த்தார். அவர் முகம் சுளிக்கிறாரா என்று அத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். சுளிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவள் கையிலும் ஒரு துணி இருந்தது. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள், நடுவில் கார். "விளிம்புல அழுத்தாதீங்க, அங்க பெயிண்ட் மெல்லிசு" என்று அவர் சொன்னார். "தெரியும்" என்றாள் அத்தை. அன்று முழுக்க அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை முடியவில்லை. இரண்டாம் ஓலை போய், மறு சனிக்கிழமையும் வந்தார். பாவம், காரின் மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாரே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அந்த வெள்ளைக் கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. கல்யாண விஷயமாக அப்பாவிடம் பேச வந்த பெரியப்பா, முழங்கைவரை நீலச் சாந்து பூசிக்கொண்டு குந்தியிருந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார்.

"டேய்! நீ இங்க இன்னாடா பண்ற? கல்யாண மாப்பிள்ள காரு தொடைக்கிறியா?"

அத்தை தலையைத் தூக்கவில்லை. ஆனால் முன்பக்க மட்கார்டின் விளிம்பில் இருந்த அவள் கை, அந்த ஒரே இடத்தில் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மெல்ல எழுந்தார். போச்சு, ஷூவைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். செருப்புக்கூட இல்லாத வெறுங்காலோடு நின்றிருந்தார். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"ஆமா பெரிப்பா. பொண்ணு அவுங்க அண்ணன் கார்லதான் வரும். அது அவுங்க மொற. நம்ம வண்டில நாம போலாம்." கையிலிருந்த துணியை உதறிக்கொண்டே, "தள்ளி நில்லுங்க பெரிப்பா, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

பெரியப்பா தள்ளி நின்றார்! அதுதான் ஆச்சரியம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், பானெட்டில் தன் உருவத்தையே பார்த்தார். திறந்த வாயை மூடினார். மீசையை ஒரு பக்கமாகத் தடவிக்கொண்டார். "ம். நல்லாத்தான் வந்துகீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். அப்பா அன்று நிமிர்த்திய முதுகை நாலு நாளைக்கு வளைக்கவில்லை.

ஆனால் நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். "அத்தை! போச்சு! போச்சு!" அவள் அழுத்திக்கொண்டே இருந்த விளிம்பில் நீலம் முழுசாகப் போய், புளியங்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை ஓடி வந்து பார்த்தார். திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை உண்டானால் சொல்லலாம் என்று ஐயர் நிறுத்தியபோது எங்கள் பெஞ்சு முழுக்க அத்தையைத்தான் பார்த்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவ்வளவுதான். அம்மா விட்ட பெருமூச்சு பாடகர் குழுவரை கேட்டிருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடங்களை அம்மாவே தூக்கிவந்து கார் தலையில் ஊற்றினாள். ஊரில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும். பாய் முன்பக்கம் மல்லிகைச் சரம் கட்டினார். அத்தையை ஏற்றிக்கொண்டு அப்பா கலெக்டர் மாதிரி ஓட்டினார். வழியில் எதிரே ஒரு ஆடுகூட இல்லாதபோதும் ஹாரன் அடித்தார். சர்ச் வாசலில் பெரியப்பா தன் வெள்ளைக் காரை விட்டுவிட்டு எங்கள் காரின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "எங்க புள்ள தேச்சது. மொகம் பாக்கலாம், பாருங்க" என்றார். வெற்றி என்றால் அதுதான் வெற்றி! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எனக்கு இருந்த ஒரே கவலை அந்தப் புளியங்கொட்டை. அதன் மேல் கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வைக்கலாம் என்று அப்பா சொன்னபோது, வேண்டாம் என்று தடுத்ததே அத்தைதான். நான் விடுவேனா? புறப்படும் முன்பே ஊதா ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி அதை மறைத்துவிட்டிருந்தேன். ஆராதனை முடிந்து, இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகக் காரில் ஏற வந்தவர், அந்த இடத்தில் நின்றார். குனிந்து பார்த்தார். புதுக் கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, என் மையைத் துளி விடாமல் துடைத்து எடுத்துவிட்டார்! சாம்பல் நிறம் பழையபடி ஊருக்கெல்லாம் தெரிந்தது.

"பாரு அத்தை! அன்னிக்கே நீ சரியா பாக்காம வுட்டுட்ட" என்று முறையிட்டேன்.

"பாத்துட்டுதான்டி பாஸ் பண்ணேன்" என்றாள் அத்தை. மாமா அவளைப் பார்த்தார். அவள் மாமாவைப் பார்த்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்த காரில் ஊர் பார்க்க ஒரு குறையை வைத்துக்கொண்டு, இந்த இரண்டு பேருக்கும் அப்படி என்ன சிரிப்பு?