புதுக் காரில் பேசாத பட்டன்

துபாயில் என் மகன் ஓட்டும் அதே காரைத்தான் இங்கே சிங்காநல்லூரில் நாங்களும் வாங்கினோம். “ஆபத்துன்னா கார்ல இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கும்மா, உதவிக்கு ஆளே லைன்ல வந்து பேசுவாங்க” என்றிருந்தான்.

வண்டிக்குப் பூசை போடக் கோயிலுக்குப் போனோம். முழங்கால் வலியால் நான் இறங்கவில்லை. என் போனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேங்காய் வாங்கப் போன கணவர், பழக்கதோஷத்தில் ரிமோட்டில் பூட்டிவிட்டார். இந்த வண்டியை அப்படிப் பூட்டினால் உள்ளிருந்தும் கதவு திறக்காது. வெயிலில் மூச்சு முட்டியது. பட்டனை அமுக்கினேன். ‘இந்தச் சேவை உங்கள் பகுதியில் இல்லை’ என்றது திரை.

பதறிப்போய் ஹாரனை விடாமல் அடித்தேன். “புது வண்டிங்க, அப்படித்தான் அடிச்சுப் பாப்பாங்க” என்று பூசாரி கூட்டத்திடம் சொன்னது கண்ணாடி வழியே கேட்டது. ஒருவரும் நெருங்கவில்லை.

நிதானமாகத் திரும்பி வந்த கணவர் கதவைத் திறந்து, “என்ன அம்மணி, இப்படி வேர்த்துக் கொட்டுது?” என்றார்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் சாவி என் இடுப்பில். முழங்கால் வலித்தாலும் இறங்குவது நான். வண்டிக்குள் காத்திருப்பது அவர்.