பன்னிரண்டு செகண்ட்

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு மணிக்காரி என்று பெயர். கையில் கடிகாரத்தோடு நின்று, யார் எங்கே நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அவளை அங்கே சேர்த்துவிட்டதே அக்காதான். அக்கா, தைத்து வரும் பட்டனையெல்லாம் இழுத்துப் பார்ப்பவள். அதற்குச் சட்டைக்குப் பன்னிரண்டு செகண்ட் ஆகும். ‘வேண்டாத வேலை’ என்று எழுதி, ஏற்றிவிட்ட ஏணியையே எட்டி உதைத்தாள் மணிக்காரி. அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டே மாதத்தில் பட்டன் உதிர்ந்த சட்டைகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. மணிக்காரி அக்காவைக் கூப்பிடப் போனாள்.

“வாடி மணிக்காரி. என்கிட்ட பேச எத்தனை செகண்ட் குடுத்திருக்காங்க?”

“தப்புதான்க்கா. திரும்ப வந்துடு.”

அக்காவின் கை, பழக்கதோஷத்தில் தங்கை மேலே போட்டிருந்த கம்பெனிச் சட்டையின் பட்டனை இழுத்துப் பார்த்தது. பட்டன் கையோடு வந்தது.

“கழட்டிக் குடு.”

கெட்டியாகத் தைத்துக் கொடுத்தாள். வேலைக்கு மட்டும் வரவே இல்லை.