திரும்பி வரமாட்டேன் என்றவர்

சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் மனம் உடைந்தால் யாரிடம் உதவி தேடுகிறார்கள் என்று ஆராய ஒரு பெண் மன்னாருக்கு வந்திருந்தார். அப்போது நான் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தேன்; அவரை இல்லம் இல்லமாகக் கூட்டிப்போனது நான்தான். மெலிந்தவர், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. எங்கே போனாலும் கதிரையைத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில்தான் உட்காருவார்.

சிலாவத்துறைப் பக்கம் ஓர் இல்லம். வெளியாட்கள் யார் வந்தாலும் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும், பாடினார்கள். பிறகு பெரிய பிள்ளை ஒருத்தி அவரோடு முற்றத்தில் தனியாக இருந்தாள். ஓட்டோவில் இருந்த எனக்கும் பேச்சுக் கேட்டது.

"ஒருத்தருக்கும் சொல்லாத விசயம் ஒண்டு இருக்கு மிஸ். சொன்னா, நீங்க திரும்பி வருவீங்களோ?"

அவர் யோசித்தார். "இல்லையம்மா, நான் வரமாட்டன். வேற நல்ல ஆளை அனுப்பட்டோ?"

"அப்ப வந்துபோற மற்ற ஆக்களைப்போல உங்களுக்கும் பாட்டுப் படிச்சதே போதும்." அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழியில் கேட்டேன்: "வாறன் எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, மிஸ்?"

"வாறன் எண்டு சொல்லியிருந்தா அவளும் அந்த விசயத்தைச் சொல்லியிருப்பாள், தம்பி. பிறகு ஒவ்வொரு நாளும் என்னைப் பாத்து வாசல் கேற்றடியில நிண்டிருப்பாள்."

நானும் எட்டாம் வகுப்பு வரை இல்லத்துப் பிள்ளைதான். வாறம் என்றவர்களை நம்பிக் கேற்றடியில் நின்றவன். அதனால் அவர்மேல் எனக்கு மதிப்புண்டு. ஆனாலும் அந்தப் பிள்ளை சொல்ல வந்தது அவளோடேயே இருக்கிறது.

அந்த வழியால் போகும்போது சில நாள் பாட்டுச் சத்தம் கேட்கும். யாரோ வந்திருக்கிறார்கள்.